தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது ஊர் வழக்கு. ஓப்பன் சோர்ஸ் (யாரும் படிக்கவும் திருத்தவும் நிரலைத் திறந்து வைத்திருக்கும்) திட்டம் ஒன்றைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவருக்கு இதற்கு நேர்மாறான வேலை. வாசலுக்கு வருகிற மாடு, அதாவது வெளியாட்கள் எழுதி அனுப்பும் நிரல், அத்தனையும் தானம்தான். அத்தனையின் பல்லையும் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

2011 டிசம்பர் 31 இரவு இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்துக்குள் ஒரு பேட்ச் (நிரல் மாற்றம்) சேர்க்கப்பட்டது. எழுதியவர் ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரு முனைகளும் சின்னச் செய்தி அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் ‘ஹார்ட்பீட்’ வசதி அது. அந்தச் செய்திக்குள் ‘என் நீளம் இவ்வளவு’ என்று ஒரு 16 பிட் எண் வரும். அந்த எண்ணும் உண்மையில் வந்து சேர்ந்த பைட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை விடுபட்டுப் போயிருந்தது. எழுதியவர் கண்ணில் படவில்லை, சேர்க்குமுன் படித்துப் பார்த்த (ரிவ்யூ செய்த) திட்ட உறுப்பினர் கண்ணிலும் படவில்லை. 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம், சில நேரம் ரகசியச் சாவியையும் சேர்த்து, அள்ளிக் கொடுத்துவிடும். பாதி இணையத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்கு வந்த நேரடி நன்கொடை சுமார் 2,000 டாலர்.

வெளியாட்களின் நிரலைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘எல்லாரையும் அரவணைக்க வேண்டும்’ என்று ஒரு கட்சியும் ‘யாரையும் நம்பக்கூடாது’ என்று ஒரு கட்சியும் உடனே பிரிந்துவிடும். இரண்டும் திங்கட்கிழமை காலை வந்து நிற்கும் பி.ஆர்.-ஐ (புல் ரிக்வெஸ்ட்: ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம்) என்ன செய்வது என்று சொல்வதில்லை. பயனுள்ள கணக்கு வேறொன்று. இத்தகைய திட்டத்தில் அருகிக் கிடக்கும் சரக்கு, பிறர் எழுதிய நிரலை நிதானமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரின் மாலை நேரம். அதை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை வைத்துத்தான் மற்ற நடைமுறைகளை எல்லாம் எடைபோட வேண்டும்.

வீடு அசையாமல் தின்னும்

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். நிரல் வீட்டு ஜாதி. மெர்ஜ் செய்த (திட்டத்தோடு சேர்த்த) அன்று 300 வரி இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றும். எழுதியவர் அடுத்த மாதம் வேலை மாறிப் போய்விடுவார். அந்த 300 வரியில் வரும் வழு (பக்), அதைச் சார்ந்த நூலகம் பதிப்பு மாறும்போது வரும் உடைசல், அதைப் பற்றிய சந்தேகக் கேள்விகள் எல்லாம் பராமரிப்பாளர் தலையில். ஆம், இல்லை என்று மட்டும் தெரிவு கொள்ளும் ஓர் அமைப்பைக் கூட்டினாலே சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் இரட்டிப்பாகின்றன; அப்படிப் பத்து சேர்ந்தால் 1,024. திட்டத்தில் ஒருவரிடமும் இல்லாத இயங்குதளத்துக்கு ஆதரவு சேர்க்கும் பேட்ச் இன்னும் மோசம்: அது எப்போது உடைந்தது என்றுகூட யாருக்கும் தெரியவராது.

அதனால் ஒரு பி.ஆர்.-ஐத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. இந்த வசதி நமக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் இந்த இடத்தில், இந்த வடிவத்தில்தானா? அதற்கும் ஆமென்றால், நிரல் சரியாக வேலை செய்கிறதா? பெயர், குறிப்பு, ஆவணம் எல்லாம் கடைசியில். நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது, ஏனென்றால் கண்ணுக்கு முதலில் படுவது மாறியின் பெயரும் வரியின் நீளமும்தான். ஐந்து சுற்று அதைத் திருத்து இதைத் திருத்து என்று அலைக்கழித்துவிட்டு, ஆறாவது சுற்றில் ‘யோசித்துப் பார்த்தால் இது நம் திட்டத்துக்குத் தேவையில்லை’ என்று மூடுவதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. முதல் நாளே சொன்ன ‘வேண்டாம்’ யாரையும் அவ்வளவு புண்படுத்துவதில்லை. எதற்காக வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். மன்னிப்புக் கேட்டு நான்கு பத்தி எழுதத் தேவையில்லை.

வாசலில் என்ன எழுதி வைப்பது

ரெப்போவின் (திட்டத்தின் நிரல் களஞ்சியத்தின்) மேல் அடுக்கில் வைக்கும் ‘கான்ட்ரிப்யூட்டிங்’ (பங்களிப்பு வழிகாட்டி) கோப்பைப் பல திட்டங்கள் வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகின்றன. நன்னடத்தை பற்றி மூன்று பக்கம் இருக்கும், டெஸ்ட்டை (நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரலை) எப்படி ஓட்டுவது என்று இருக்காது. புதிதாக வருபவருக்கு வேண்டியது இவைதான்: நிரலைக் கட்டியெழுப்ப (ஓடும் வடிவமாக்க) ஒரு கட்டளை, டெஸ்ட் ஓட்ட ஒரு கட்டளை, அது முடிய ஆகும் நேரம், எந்த பிராஞ்ச்சை (கிளையை) நோக்கி அனுப்ப வேண்டும், எந்த மாதிரி மாற்றங்களை ஏற்பதில்லை, பதில் வர எத்தனை நாள் ஆகும். ‘100 வரிக்கு மேல் போகும் என்றால் முதலில் இஷ்யூ (விவாதக் குறிப்பு) திறந்து பேசுங்கள்’ என்ற ஒற்றை வாக்கியம் பல மாலைகளைக் காப்பாற்றும். அந்தக் கோப்பு உண்மையைச் சொல்கிறதா என்று பார்க்க ஒரே வழி, எதுவும் நிறுவாத ஒரு புதிய கணினியிலோ கன்டெய்னரிலோ அதில் உள்ளதை வரிக்கு வரி ஓட்டிப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், ஒவ்வொரு முறையும் எதாவது உடைந்திருக்கும்.

அளவு விஷயத்தில் கறாராக இருப்பதில் தவறே இல்லை. ஒரே அமர்வில் மனிதர் உருப்படியாகப் படிக்கக்கூடியது 200 முதல் 400 வரிதான் என்பது ரிவ்யூ செய்பவர்களிடையே பழகிப்போன அளவுகோல். அதைத் தாண்டினால் கண் மேய ஆரம்பித்துவிடும். 40 வரியில் பத்து குறை சொல்பவர், 2,000 வரியைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் விதி இதற்கு நல்ல முன்மாதிரி: ஒரு பேட்ச்சுக்கு ஒரு தர்க்கரீதியான மாற்றம். ஒரு செயல்பாட்டின் (ஃபங்ஷன்) பெயரை மாற்றுவது ஒரு பேட்ச், அதற்குள் வழுவைத் திருத்துவது வேறொரு பேட்ச். இரண்டும் கலந்து வந்தால், பெயர் மாறிய 180 வரிகளுக்கு நடுவே நடத்தை மாறிய 2 வரி ஒளிந்துகொள்ளும்.

தொடராக வரும் பேட்ச்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டப்படக்கூடியதாகவும் சரியாக ஓடுவதாகவும் இருக்கவேண்டும் என்று கெர்னல் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’டில் உள்ள ‘கிட் பைசெக்ட்’. எந்த கமிட்டில் (கிட்டில் பதிவான ஒரு மாற்றத்தில்) வழு நுழைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் கருவி அது. 1,000 கமிட் இருந்தால் சுமார் 10 முறை ஓட்டினால் குற்றவாளி கையில் கிடைப்பார். நடுவில் கட்டவே முடியாத கமிட்கள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கும், முடிவில் ‘இந்த ஏழில் ஏதோ ஒன்று’ என்று நின்றுவிடும். ‘திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’, ‘இப்போது சரி’ என்று 14 கமிட்டோடு வரும் சின்ன பி.ஆர்.-ஐ ஒன்றாக நசுக்கி மெர்ஜ் செய்வது நல்லது. அழகாகப் பிரித்த தொடரை அதே பொத்தானால் நசுக்குவது, எழுதியவரின் உழைப்பைக் குப்பையில் போடுவது.

வழுத் திருத்தம் என்று வரும் எதற்கும் டெஸ்ட் கேட்பது வழக்கம். அந்த டெஸ்ட்டைச் சோதிப்பவர்கள் குறைவு. பி.ஆர்.-இலிருந்து டெஸ்ட் கோப்பை மட்டும் எடுத்துப் பழைய நிரலின் மேல் ஓட்டுங்கள்: சிவப்பு (தோல்வி) வரவேண்டும். பிறகு திருத்தத்தையும் சேர்த்து ஓட்டுங்கள்: பச்சை வரவேண்டும். இரண்டு முறையும் பச்சை காட்டும் டெஸ்ட்கள் எத்தனை என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இடைவெளி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி பற்றி மனிதர்கள் பேசவே கூடாது. கோ மொழிக்கு ‘கோஃப்எம்டி’, பைத்தானுக்கு ‘பிளாக்’ என்று வடிவமைப்புக் கருவிகள் இருக்கின்றன; அவை சொல்வதே முடிவு. கருவியின் பதிப்பு எண்ணைப் பூட்டி வைப்பதை மட்டும் மறக்கவேண்டாம். பங்களிப்பவர் கணினியில் ஒரு பதிப்பு, சி.ஐ.யில் (பி.ஆர். வந்ததும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சேவையில்) இன்னொரு பதிப்பு என்றிருந்தால், அவர் தொடாத 30 கோப்புகள் மாறியதாக பி.ஆர். வீங்கி வரும்.

மொழிபெயர்ப்புப் பேட்ச்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, தமிழில் அது நன்றாகத் தெரியும். பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. வந்த கோப்பில் இருப்பது வாழ்த்தா வசையா என்று அவரால் சொல்ல முடியாது. இன்னொரு தமிழ் அறிந்தவர் பார்க்காமல் மெர்ஜ் செய்யாமலிருப்பதே பாதுகாப்பு. கருவியால் பிடிக்கக்கூடிய தவறும் ஒன்று இருக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘5 of 20’ என்ற வரிசையில் இரண்டு எண்கள் வரும்: முதலில் பகுதி, பிறகு மொத்தம். தமிழில் ‘20இல் 5’ என்று மொத்தம் முன்னால் வந்துவிடும். எண்ணுக்கான இடக்குறிகளுக்கு வரிசை எண் கொடுக்காமல் வெறுமனே மொழிபெயர்த்தால், திரையில் ‘5இல் 20’ என்று நிற்கும். ஒன்று எண், மற்றது எழுத்துச்சரம் என்றால் சி மொழி நிரல் விழுந்தே போகலாம். மொழிபெயர்ப்புக் கருவிகளான கெட்டெக்ஸ்ட் தொகுப்பில் உள்ள ‘எம்எஸ்ஜிஎஃப்எம்டி’ கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவோடு சி.ஐ.யில் ஓட்டினால் இரண்டாவது ரகம் பிடிபடும். முதல் ரகத்துக்கு மனிதக் கண்தான் வேண்டும்.

அந்நியரின் நிரல் உங்கள் செலவில் ஓடுகிறது

பி.ஆர். வந்ததும் சி.ஐ. தானாக ஓடுவது வசதி. என்ன ஓடுகிறது என்று யோசித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்: முகம் தெரியாத ஒருவர் எழுதிய கட்டளைகள், யாரோ பணம் கட்டும் கணினியில். 2021இல், நிரல் திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் சி.ஐ. சேவையான ஆக்ஷன்ஸில் இதை வைத்தே கிரிப்டோ நாணயம் தோண்ட ஆரம்பித்தார்கள். பி.ஆர். மெர்ஜ் ஆகவேண்டும் என்றுகூட இல்லை, திறந்தாலே போதும். அந்த ஆண்டு ஏப்ரலில்தான், முதல்முறை பங்களிப்பவரின் சி.ஐ. ஓட்டத்துக்குப் பராமரிப்பாளர் ஒப்புதல் தரவேண்டும் என்ற கட்டுப்பாட்டை கிட்ஹப் கொண்டுவந்தது.

நாணயம் தோண்டுவதாவது மின்சாரச் செலவோடு போகும். ரகசியச் சாவி கசிவதுதான் பெரிய இழப்பு. ஆக்ஷன்ஸில் பி.ஆர்.-க்கு இரண்டு தூண்டல்கள் உண்டு. சாதாரணமானது, ஃபோர்க்கிலிருந்து (பங்களிப்பவரின் நகல் ரெப்போவிலிருந்து) வரும் நிரலை ரகசியங்கள் எதுவும் தராமல், படிக்கும் உரிமையோடு மட்டும் ஓட்டும். ‘டார்கெட்’ என்ற பின்னொட்டுக் கொண்ட இன்னொன்று, உங்கள் ரெப்போவின் ரகசியங்களோடும் எழுதும் உரிமையோடும் ஓடும். லேபிள் ஒட்டுவது, வரவேற்புக் குறிப்புப் போடுவது போன்ற வேலைகளுக்காக வந்தது அது. அதற்குள் யாராவது பி.ஆர்.-இன் நிரலை இறக்கி ‘டெஸ்ட் ஓட்டு’ என்று எழுதிவிட்டால், வீட்டுச் சாவியை வாசலில் வருகிறவர் கையில் கொடுத்தது போல. ‘ஃபோர்க்கிலிருந்து வரும்போது சாவி கிடைக்கவில்லையே’ என்று தேடுபவருக்கு இணையத்தில் கிடைக்கும் முதல் பதிலே பெரும்பாலும் இந்தத் தவறான வழிதான்.

ஆகவே ஒப்புதல் பொத்தானை அழுத்துமுன் சில கோப்புகளை முதலில் பாருங்கள்: சி.ஐ. அமைப்புகள், கட்டுமான ஸ்கிரிப்ட்கள், நிறுவும்போது தானாக ஓடும் எதுவும், பைனரிக் கோப்புகள், சார்புகளின் (திட்டம் நம்பியிருக்கும் வெளி நூலகங்களின்) பதிப்புகளைக் குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு. கடைசியாகச் சொன்னது பல்லாயிரம் வரி இருக்கும், கிட்ஹப் அதை மடித்தே காட்டும், யாரும் விரிப்பதில்லை. அதில் ஒரு பொதியின் முகவரியை மாற்றி வைப்பது எளிது. பங்களிப்பவரின் பூட்டுக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் கணினியில் நீங்களே மறுபடி உருவாக்கிச் சேர்ப்பது உத்தமம்.

சி.ஐ. பச்சையாக இருந்தும் மெர்ஜுக்குப் பிறகு உடைவதற்குக் காரணம் இன்னொன்று. ஒரு பி.ஆர். ஒரு செயல்பாட்டின் பெயரை மாற்றுகிறது; இன்னொன்று பழைய பெயரால் அதைப் புதிதாக ஓரிடத்தில் அழைக்கிறது. இரண்டும் வெவ்வேறு கோப்பு, கிட்டுக்கு மோதல் எதுவும் தெரியாது, தனித்தனியே இரண்டும் பச்சை. ஒன்றன்பின் ஒன்றாக மெர்ஜ் செய்தால் மெயின் பிராஞ்ச் கட்டவே கட்டாது. ரஸ்ட் மொழிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே இதற்கு ‘போர்ஸ்’ என்ற தானியங்கி நிரலை (பாட்) வைத்துக்கொண்டார்கள்: ஒப்புதல் பெற்ற மாற்றத்தை அப்போதைய மெயினோடு சேர்த்து, சேர்ந்த அந்த வடிவத்தை ஓட்டிப் பார்த்து, தேறினால்தான் உள்ளே விடும். இப்போது கிட்ஹப்பிலேயே மெர்ஜ் வரிசை வசதி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று பி.ஆர். வரும் திட்டத்துக்கு இது அதிகப்படி; மெர்ஜுக்கு முன் பிராஞ்ச்சைப் புதுப்பிக்கச் சொல்வதே போதும்.

இது யாருடைய நிரல்

2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐ.பி.எம். மேல் வழக்குப் போட்டது. ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்டச் சொன்னால் என்ன செய்வது என்ற கவலையில் 2004இல் லினக்ஸ் கொண்டுவந்ததுதான் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி. கமிட் செய்தியின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் இட்டு, ‘இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது’ என்று பங்களிப்பவர் சான்று சொல்கிறார். கிட் கட்டளையில் ஒரு சின்ன ‘எஸ்’ தெரிவு போட்டால் அந்த வரி தானாகச் சேரும். பெரிய நிறுவனங்களின் திட்டங்கள் கேட்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வேறு. பல சமயம் அது உரிமத்தை மாற்றும் அதிகாரத்தையும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் நிரலின் உரிமத்தை மாற்ற முடிந்தது அப்படிப்பட்ட ஏற்பாட்டால்தான். ஓபன்டோஃபு என்ற கிளைத் திட்டம் பிறந்ததும் அதனால்தான்.

அந்த அதிகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லே சாட்சி. பழைய உரிமத்திலிருந்து அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாற, 2017இல் ஏறத்தாழ 400 பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்டார்கள். புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில். சம்பளமில்லாத சின்னத் திட்டத்துக்கு ஒப்பந்தக் காகிதம் தேவையில்லை என்பதே எங்கள் கணிப்பு; கையொப்ப வரி போதும், உரிமத்தை முதல் நாளே யோசித்துத் தேர்ந்தெடுத்தால்.

சென்னை, பெங்களூரு ஐ.டி. ஊழியர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான். வேலை ஒப்பந்தங்கள் இதைவிட அகலமாகவும் வலை விரிப்பதுண்டு. அலுவலக மடிக்கணினியில் மதிய இடைவேளையில் எழுதிய பேட்ச்சுக்குக் கையொப்ப வரி போடுமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தள்ளும் நிரலும் இங்கேதான் முட்டுகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024 ஏப்ரலில் அத்தகைய பங்களிப்பை முழுவதுமாகத் தடை செய்தது. நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டம் அடுத்த மாதம் அதைக் ‘கறைபட்ட நிரல்’ வகையில் சேர்த்து, முன்அனுமதி இல்லாமல் கமிட் செய்யக்கூடாது என்றது. உரிமைச் சிக்கலைவிட நேரச் சிக்கல்தான் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் மோசமான பேட்ச் எழுதவும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பே ஒரு வேலியாக இருந்தது. இப்போது எழுத ஒரு நிமிடம், படிக்க அதே ஒரு மணி நேரம். தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத பாதுகாப்புக் குறைகளை நம்பும்படி வர்ணிக்கும் அறிக்கைகளைப் பற்றி 2024 ஜனவரியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். உபாயம் எளிது: ‘இந்த வரியை ஏன் இங்கே வைத்தீர்கள், எந்த உள்ளீட்டில் பழையது உடைகிறது?’ என்று கேளுங்கள். இரண்டு வரியில் நேரான பதில் வந்தால் மேலே படிக்கலாம். தலைப்பிட்டு, புள்ளி வைத்து நீண்ட பதில் வந்தால் மூடிவிடலாம்.

பதில் எழுதும் கை

முதல் பதில் ரிவ்யூவாக இருக்க வேண்டியதில்லை. ‘பார்த்தேன், இரண்டு வாரத்தில் படிக்கிறேன்’ என்பதே போதும். அந்தத் தேதியில் படிக்க மட்டும் வேண்டும். கருத்து எழுதும்போது, கட்டாயம் மாற்ற வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது என்று குறித்து எழுதுங்கள். புதியவருக்கு எல்லாக் கருத்தும் கட்டளையாகத்தான் கேட்கும். மிச்சம் இருப்பது ஆவணத்தில் ஒரு வரியும் ஒரு பெயர் மாற்றமும்தான் என்றால், இன்னொரு சுற்று அனுப்பாமல் நீங்களே திருத்தி ‘கோ-ஆத்தர்ட்-பை’ (இணைந்து எழுதியவர்) வரியோடு மெர்ஜ் செய்துவிடலாம். பராமரிப்பாளர் தொட அனுமதிக்கும் பெட்டி பி.ஆர். பக்கத்தில் உண்டு. தனிநபர் ஃபோர்க் என்றால் அது வேலை செய்யும்; நிறுவனக் கணக்கின் கீழ் உள்ள ஃபோர்க்கில் செய்யாது.

எத்தனை பேர், எத்தனை நாள் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ் திட்டம் வைத்திருக்கும் விதி நியாயமானது: பி.ஆர். குறைந்தது 48 மணி நேரம் திறந்திருக்க வேண்டும், இரண்டு ஒப்புதல் வேண்டும்; ஒரே ஒப்புதல்தான் கிடைத்தது என்றால் 7 நாள் கழித்து மெர்ஜ் செய்யலாம். வேறு வேறு நேர மண்டலங்களில் தூங்குபவர்களுக்கும் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது, யாரும் பார்க்காததால் நல்ல பேட்ச் அழுகிப்போவதும் இல்லை.

சும்மா கிடக்கும் இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட்களை நாங்கள் விரும்புவதில்லை. 90 நாள் யாரும் பேசவில்லை என்பதால் வழு சரியாகிவிடாது. எழுதியவரின் பதிலுக்காகக் காத்திருக்கும் பி.ஆர்.-க்கு மட்டும், அதற்கென ஒரு லேபிள் ஒட்டி, 30 நாளில் ஒரு நினைவூட்டலும் 60இல் மூடுதலும் வைப்பது வேறு விஷயம்.

குப்பைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. 2020 அக்டோபரில் கிளவுட் நிறுவனமான டிஜிட்டல்ஓஷனின் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வு, 4 பி.ஆர். திறந்தால் டி-ஷர்ட் என்று அறிவித்தது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு யூடியூப் பயிற்சி, ரீட்மீ (அறிமுக) கோப்பில் புகழ்ச்சி வார்த்தை சேர்த்து பி.ஆர். திறப்பது எப்படி என்று காட்ட, உலகெங்கும் பராமரிப்பாளர்கள் அந்த வாரம் முழுக்கக் களையெடுத்தார்கள். மூன்றாம் தேதியே விதி மாறியது: விரும்பிச் சேர்ந்த திட்டங்களின் பி.ஆர். மட்டுமே கணக்கு. ரெஸ்யூமேயில் ஒரு வரிக்காக இன்றும் அதே மாதிரி பி.ஆர்.-கள் வருகின்றன. உண்மையான எழுத்துப்பிழையைத் திருத்தினால் இரண்டு நிமிடத்தில் மெர்ஜ் செய்யுங்கள், மற்றதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடுங்கள்.

நல்ல பிள்ளையாக வந்தவர்

இதுவரை சொன்னதெல்லாம் நிரலைச் சோதிப்பது. ஆளைப் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. 2021இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே குறை வைத்த பேட்ச்களை கெர்னலுக்கு அனுப்பி ஆராய்ந்தது தெரியவந்து, கெர்னல் பராமரிப்பாளர் க்ரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே தடை செய்தார். அதற்கு முன் 2018இல், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் மிகப் பரவலான ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ பொதியை, அதில் ஆர்வமிழந்திருந்த ஆசிரியர், பணிவாகக் கேட்ட ஓர் அந்நியரிடம் ஒப்படைத்தார். அந்த அந்நியர் கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த ஒரு சார்பைச் சேர்த்தார்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் விவகாரம் இவை இரண்டையும் மிஞ்சியது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒரு கணக்கு 2021இல் பேட்ச் அனுப்பத் தொடங்கியது. பேட்ச்கள் நன்றாகவே இருந்தன. 2022இல் வேறு சில பெயர்கள் தோன்றி, ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள் என்று பராமரிப்பாளரை நச்சரித்தன. அவர் தனியாள், மனநலச் சிக்கலும் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உரிமைகள் கைமாறின. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. அதன் உடல் ‘சோதனைக்கான கெட்டுப்போன கோப்பு’ என்ற பெயரில் பைனரியாக ரெப்போவில் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பும் ஸ்கிரிப்ட் கிட்டில் இல்லை, பயனர்களுக்காகக் கட்டி வெளியிடும் டார் பொதியில் மட்டும் இருந்தது. வேறொரு கமிட்டில், ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில் ஒற்றைப் புள்ளி கூடுதலாக விழுந்திருந்தது. சோதனை எப்போதும் தோற்கும், வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துரத்திக்கொண்டு போன ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியே சொன்னார்.

இங்கே தோற்றது ரிவ்யூ என்று சொல்ல முடியாது. ரிவ்யூ செய்யவே இன்னொருவர் இல்லை. ஆனால் பிரித்து வைத்திருக்க வேண்டிய அதிகாரங்கள் ஒரே கையில் சேர்ந்திருந்தன. இஷ்யூக்களைப் பிரித்து அடுக்குவது, ரிவ்யூ செய்வது, மெர்ஜ் செய்வது, பதிப்பு வெளியிடுவது ஆகிய நான்கும் நான்கு படிகள். கிட்ஹப் நிறுவனக் கணக்கில் முதல் படிக்கென்றே ‘ட்ரையாஜ்’ என்ற தனி உரிமை உண்டு, அது நிரலைத் தொடவிடாது. பைத்தான் திட்டம் புதியவர்களை அந்த வழியாக ஏற்றிவிடுகிறது. வெளியீட்டு உரிமை கடைசிப் படி; டார் பொதியை யாருடைய கணினியிலும் செய்யாமல், கிட் டேக்கிலிருந்து (பதிப்புக் குறியிலிருந்து) சி.ஐ.யே உருவாக்கும்படி வைத்தால், எக்ஸ்இசட்டின் ஸ்கிரிப்ட் ஒளிந்த இடம் இல்லாமல் போகும். சோதனைக்குப் பைனரிக் கோப்பு வேண்டுமென்றால், அதை உருவாக்கும் நிரலையும் கேளுங்கள். பிராஞ்ச் பாதுகாப்பில் ‘புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதல் செல்லாது’ என்ற பெட்டியைக் குறியிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒப்புதல் வாங்கியபின் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மெர்ஜுக்குக் காத்திருக்கலாம். 12 மாதம் தலைகாட்டாதவரின் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, திரும்பி வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவமானம் எதுவுமில்லை, பூட்டாத பின்கதவைப் பூட்டுவதுதான்.

இத்தனைக்கும் ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால், ரீட்மீயில் ‘பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்’ என்று ஒரு வரி எழுதிவிடலாம். அதற்கும் முடியாதபோது ரெப்போவை ஆர்க்கைவ் செய்வது (படிக்க மட்டும் என்று பூட்டுவது), நச்சரிப்பவர் கையில் சாவியைக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். உலகத்திலேயே மிக அதிகமாக நிறுவப்பட்ட தரவுத்தளமான எஸ்க்யூலைட், நிரலைப் பதிப்புரிமை கோராத பொதுச் சொத்தாகத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் அந்நியரின் பேட்ச்சை ஏற்பதில்லை. அதன் பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நிரல் எழுதுபவர்கள் தங்கள் பங்கைப் பொதுச் சொத்து ஆக்குவதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த மூலக் காகிதங்கள் எஸ்க்யூலைட்டை உருவாக்கும் ஹ்வாசி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், தீப்பிடிக்காத பெட்டகம் ஒன்றில் இருக்கின்றன.